காதுக்குத்து (காது நோ), காது ஒழுகல்: ராத்திரியில் பிள்ளை அழுதால் என்ன செய்வது?

மண்டூர்க்காரி
இரவு 11:20

யாராவது முழித்திருந்தால் பதில் எழுதுங்கள். மகனுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும். நாலு நாளாகத் தடிமன், மூக்கால் ஓடுகிறது. இன்றைக்குப் பின்னேரம் காய்ச்சல் தொடங்கியது, எட்டு மணிக்குப் பிறகு அழ ஆரம்பித்தவன் இன்னும் ஓயவில்லை. வலது காதைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறான், படுக்க வைத்தால் வீரிடுகிறான், தோளில் போட்டு உலாவினால் கொஞ்சம் அடங்குகிறான். பாலில் வாய் வைத்து இரண்டு முறை உறிஞ்சியதும் விட்டுவிட்டு அழுகிறான்.

மாமி குப்பிவிளக்கில் கரண்டியைப் பிடித்து, நல்லெண்ணெயில் உள்ளி போட்டுக் காய்ச்சிக்கொண்டு நிற்கிறார். இவனுடைய அப்பா கட்டாரில். இந்த நேரத்தில் குருமண்வெளிப் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஓடாது, பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போவதென்றால் ஆட்டோ பிடிக்க வேண்டும், மழையும் விட்டபாடில்லை. மூத்தவளுக்குப் போன மாதம் கொடுத்த அன்டிபயோட்டிக் பாணி அரைப் போத்தல் மிச்சம் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா? எண்ணெய் விடலாமா? இப்போதே வெளிக்கிட வேண்டுமா, விடியும் வரை பொறுக்கலாமா?

பழைய மிஸ்ஸி
இரவு 11:31

தங்கச்சி, எண்ணெய் வேண்டாம். முதலில் அந்தக் கரண்டியை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். நான் பிள்ளைகள் வார்ட்டில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக நின்றவள், எண்ணெய் விட்டுக் காதுக்குள் வெந்துபோன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். செவிப்பறைக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கிறது, நீங்கள் விடும் எண்ணெய் செவிப்பறைக்கு முன்னால் நிற்கும், நோகிற இடத்துக்கு அது போய்ச் சேரவே மாட்டாது. பறையில் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தால் போய்ச் சேரும், அது இன்னும் மோசம். காலையில் டொக்டர் லைட் அடித்துப் பார்க்கும்போது எண்ணெயும் உள்ளித் துண்டும்தான் தெரியும், பறை தெரியாது.

இப்போது இதைப் பாருங்கள். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வீக்கமோ சிவப்போ இருக்கிறதா, அந்தக் காது மற்றக் காதை விட முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிறதா? எழுப்பினால் கண் விழித்து உங்களைப் பார்க்கிறானா? கழுத்தை வளைக்கிறானா? குடிப்பதையெல்லாம் சத்தி எடுக்கிறானா? வலிப்பு வந்ததா? சிரிக்கும்போதும் அழும்போதும் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மழையைப் பார்க்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான், காத்திருக்கக் கூடாது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான்.

இவை ஒன்றும் இல்லையென்றால் இன்றிரவு செய்ய வேண்டிய வேலை நோவைக் குறைப்பது. பனடோல் பாணி கொடுத்தீர்களா? எத்தனை மணிக்கு, எவ்வளவு? பிள்ளையின் நிறை என்ன?

மண்டூர்க்காரி
இரவு 11:40

நன்றி மிஸ்ஸி அக்கா. ஆறு மணிக்குக் கொடுத்தேன், தேக்கரண்டியால் ஒரு கரண்டி. போன கிளினிக்கில் நிறுத்தபோது 11 கிலோ. காதுக்குப் பின்னால் வீக்கம் இல்லை, அமர்த்திப் பார்த்தேன், அந்த இடத்தில் நோகிற மாதிரித் தெரியவில்லை. கழுத்து வளைகிறது. காய்ச்சல் 38.6. என்னைப் பார்த்துத்தான் அழுகிறான். சத்தி இல்லை.

மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருடைய ஐந்து பிள்ளைகளுக்கும் இப்படித்தான் விட்டாராம்.

பாமசிப் பொடியன்
இரவு 11:46

அக்கா, போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வாசியுங்கள். கூடுதலாகப் புழங்குவது 120, ஆனால் 250ம் இருக்கிறது, சின்னக் குழந்தைகளுக்கான சொட்டு மருந்து அதைவிடவும் காரம். கடையில் ஆட்கள் "பனடோல் பாணி ஒன்று தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள், போன தடவை வாங்கியதும் இந்த முறை வாங்கியதும் ஒன்றா என்று பார்ப்பதில்லை.

ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம். 11 கிலோவுக்கு 165. 120 போத்தல் என்றால் 7 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவு, ஆறரை என்று வையுங்கள். ஊசியில்லாத சிரிஞ்ச் இருந்தால் அதால் அளந்து கன்னத்தின் உள்பக்கமாக மெல்ல விடுங்கள். வீட்டுத் தேக்கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, அதை நம்பக் கூடாது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். ஆறு மணிக்குக் கொடுத்தது என்றால் பன்னிரண்டுக்கு அடுத்தது கொடுக்கலாம்.

முக்கியமான விஷயம், இபுபுரோபன் கொடுக்காதீர்கள். காது நோவுக்கு அது நல்ல மருந்துதான், ஆனால் இது மாரி, மட்டக்களப்பில் டெங்கு ஏறுகிற காலம். காய்ச்சல் காதால்தான் வந்தது என்று ஒரு டொக்டர் பார்த்துச் சொல்லும் வரைக்கும் இபுபுரோபன், டைக்குளோபெனாக், மெபனமிக் அசிட் எதையும் தொடக் கூடாது, டெங்கு என்றால் இரத்தக் கசிவு கூடிவிடும். அஸ்பிரின் பிள்ளைகளுக்கு எந்தக் காலத்திலும் இல்லை.

மூத்தவளின் மிச்ச அன்டிபயோட்டிக் பாணியைக் கொட்டிவிடுங்கள். அது வேறு பிள்ளைக்கு, வேறு வருத்தத்துக்கு, வேறு நிறைக்கு எழுதியது. போன மாதம் தண்ணீர் கலந்தது இப்போது மருந்தாகவும் இருக்காது.

பழைய மிஸ்ஸி
இரவு 11:52

தம்பி சொன்னது சரி. மருந்து பிடிக்க அரை மணி, முக்கால் மணி ஆகும், அதுவரை தோளிலேயே வைத்திருங்கள். படுத்தால் காதுக்குள் அமுக்கம் கூடுகிறது, அதனால்தான் வீரிடுகிறான். உறிஞ்சும்போது நோவதும் அதனால்தான், கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் பாலும் கொடுங்கள்.

மாமியைக் கூப்பிடுங்கள். ஒரு துவாயை வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பேரனின் காதுக்கு வெளியே ஒத்திக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள். சூடு இதம் தரும், காதுக்குள் ஒன்றும் போகாது. அவருக்கும் கை சும்மா இருக்கக் கூடாது, பேரன் அழும்போது எந்தப் பாட்டியால் சும்மா இருக்க முடியும்.

கொக்கட்டிச்சோலை மைந்தன்
இரவு 12:15

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக எண்ணெய்தான். என் மகளுக்குப் போன வருடம் இதே மாதிரி, இரவு எண்ணெய் விட்டோம், விடியக் காலையில் நோ போய்விட்டது, விளையாடப் போய்விட்டாள். கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல முடியுமா? எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரி என்றால் பெரியவர்கள் தெரிந்து வைத்தது எல்லாம் பொய்யா?

பழைய மிஸ்ஸி
இரவு 12:40

தம்பி, நீங்கள் கண்டது பொய்யில்லை. நோ போனது உண்மை. ஆனால் நடுக்காதில் தொற்று வந்த பத்துப் பிள்ளைகளில் ஆறு பேருக்கு 24 மணித்தியாலத்துக்குள் நோ தானாகவே அடங்குகிறது, எண்ணெய் விட்டாலும் அடங்கும், விடாவிட்டாலும் அடங்கும். அன்டிபயோட்டிக் கொடுக்காவிட்டாலும் அந்த முதல் நாளில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் இரண்டு வயது தாண்டிய, காய்ச்சல் குறைவான பிள்ளைக்கு டொக்டர்மார் உடனே அன்டிபயோட்டிக் எழுதாமல் இரண்டு மூன்று நாள் பார்ப்போம் என்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு "மருந்து தராமல் அனுப்பிவிட்டார்" என்று கோபித்துக்கொண்டு பாமசிக்குப் போய்த் தாங்களாகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று, காது ஒழுகும் பிள்ளை, காய்ச்சல் 39க்கு மேல், இரண்டு நாளாகியும் குறையாத நோ, இவர்களுக்கு மட்டும் காத்திருக்காமல் தொடங்குவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சில பிள்ளைக்குச் சீழ் முட்டிச் செவிப்பறை கிழியும், கிழிந்த நிமிடமே அமுக்கம் இறங்கி நோ நின்றுவிடும். எண்ணெய் விட்ட காதில் அது நடந்தால் வழிவதைப் பார்த்து "எண்ணெய் வெளியே வருகிறது" என்று நினைப்போம். அது சீழ்.

பெரியவர்களுடைய எல்லாவற்றையும் நான் தள்ளவில்லை. தாய்ப்பால் கொடு, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடு என்று சொன்னதும் அவர்கள்தான்.

மண்டூர்க்காரி
காலை 5:50

ஒரு மணியளவில் என் தோளிலேயே நித்திரையானான். நாலரைக்குப் பார்த்தால் தலையணை உறையில் ஒரு நாணயம் அளவுக்கு மஞ்சளாக ஈரம், அதில் ஒரு கீற்று இரத்தம். காது ஓரத்திலும் காய்ந்துபோய் ஒட்டியிருக்கிறது. எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. ஆனால் அவன் எழும்பி உட்கார்ந்து சிரிக்கிறான், பிஸ்கட் கேட்கிறான். காய்ச்சலும் 37.4. மிஸ்ஸி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரிப் பறை கிழிந்துவிட்டதா? காது கேட்காமல் போகுமா?

பழைய மிஸ்ஸி
காலை 6:05

கிழிந்திருக்கும். பயப்பட வேண்டாம், இப்படிக் கிழியும் சின்ன ஓட்டை பெரும்பாலும் சில கிழமைக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால் பிள்ளை சிரிக்கிறான் என்று வீட்டில் நிற்கக் கூடாது, இன்றைக்கே காட்டுங்கள். ஒழுகும் காதுக்கு மருந்து தேவை.

போகும் வரைக்கும் காதை உலர்த்தலாம். நன்றாகத் துவைத்து அவித்துக் காயவைத்த பழைய பருத்திச் சீலைத் துண்டு எடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, துணியின் மூலையை விரலால் முறுக்கித் திரி மாதிரி ஆக்குங்கள், விளக்குத் திரியை விடக் கொஞ்சம் தடிப்பு. மாமி பிள்ளையை மடியில் வைத்துத் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கட்டும். காது மடலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, திரியை அது தானாகப் போகிற அளவுக்கு மட்டும் உள்ளே வைத்து ஒரு நிமிடம் விடுங்கள். நனைந்து வரும். எடுத்து எறிந்துவிட்டுப் புதுத் திரி. திரி காய்ந்தபடி வரும் வரைக்கும் செய்யுங்கள், ஒரு நாளைக்கு மூன்று தடவை. குச்சியில் பஞ்சு சுற்றிக் குடையக் கூடாது, கடையில் விற்கிற பட்ஸும் வேண்டாம். பஞ்சை உள்ளே அடைத்து வைக்கவும் கூடாது, சீழ் வெளியே வர வழி வேண்டும்.

அக்கரைப்பற்று உம்மா
காலை 7:20

இரவெல்லாம் இதை வாசித்துக்கொண்டு கிடந்தேன், எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். தங்கச்சி, காது ஒழுகுவதை லேசாக எடுக்க வேண்டாம். நான் அப்படி வளர்ந்தவள்.

எனக்கு ஏழு வயதில் இடது காது ஒழுகத் தொடங்கியது. நோ இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. உம்மம்மா பஞ்சை உருட்டி அடைத்துவிடுவா, பின்னேரம் அது ஊறிப்போய் இருக்கும், மாற்றிவிடுவா. வளர்ந்தால் சரியாகும் என்றார்கள். தடிமன் வந்தால் கூடும், வெயில் காலத்தில் குறையும். மணம் ஒன்று வரும், அழுகின மணம். பள்ளிக்கூடத்தில் வாங்கில் யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்று எனக்குள்ளே ஒரு கணக்கு இருக்கும், எப்போதும் இடது பக்கம் சுவர் வருகிற மாதிரி இருப்பேன், அப்போதுதான் மணமும் ஆட்களுக்குப் போகாது, கேட்கிற காதும் டீச்சர் பக்கம் இருக்கும். பெரியபிள்ளையான பிறகு முக்காடு உதவியது. கல்யாணம் பேசும்போது வீட்டில் அதை மறைத்தார்கள். முதலாவது பிள்ளை பிறந்து, இடது பக்கம் படுக்க வைத்தால் அது அழுவது எனக்குக் கேட்காது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

இருபத்தாறு வயதில் காட்டினேன். காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டு போகிறது என்று சொல்லி ஒப்பரேஷன் செய்தார்கள். தலைக்குள் போகாமல் தப்பியது பெரிய காரியம் என்றார்கள். ஒழுகல் நின்றது, கேட்கும் திறன் முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு வருடமாகத் திரும்பவும் கொஞ்சம் ஈரம் தெரிகிறது, நானும் போகவில்லை. பிள்ளைகளுக்கு ஓடுகிறோம், நமக்கென்றால் நாளைக்கு நாளைக்கு என்கிறோம்.

பாமசிப் பொடியன்
காலை 8:10

ராத்தா, தயவுசெய்து காட்டுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஒழுகினால் அது வேறு கணக்கு, வாயால் குடிக்கும் மருந்தை விடக் காதுக்கு விடும் சொட்டும் உலர்த்தலும்தான் அதற்கு முக்கியம். மணத்தோடு ஒழுகினால் ஈ.என்.ரி (காது, மூக்கு, தொண்டை) டொக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

சொட்டு மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "காதுக்கு ஒரு சொட்டு தாங்க" என்று கேட்டு வருபவர்கள் நிறையப் பேர். பறையில் ஓட்டை உள்ள காதுக்கு ஜென்டாமைசின் போன்றவை கலந்த சொட்டை விட்டால் உள்காது கெட்டு, கேட்கும் சக்தியே போகலாம். சிப்ரொபுளொக்சசின் சொட்டில் அந்தப் பயம் இல்லை. எது என்று தீர்மானிக்க உள்ளே பார்க்க வேண்டும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எங்களால் பார்க்க முடியாது.

மண்டூர்க்காரி
பிற்பகல் 2:30

முதல் பாதையில் ஏறிவிட்டோம். மாமியும் வந்தார். குருமண்வெளியில் இறங்கி ஆட்டோவில் போய் வெளிநோயாளர் பிரிவில் காட்டினோம். டொக்டர் இரண்டு காதையும் பார்த்தார். வலதில் சின்ன ஓட்டை, இடது பறை சிவப்பு. இரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள், டெங்குவுக்கான அறிகுறி ஒன்றும் இல்லை. அமொக்சிசிலின் பத்து நாளைக்கு, நடுவில் நிறுத்தக் கூடாதாம். இரண்டு வயதுக்குள் என்பதால்தான் பத்து நாள், பெரிய பிள்ளைக்கு ஐந்து முதல் ஏழு நாள் போதுமாம். மூன்று நாளில் காய்ச்சல் நிற்காவிட்டால் திரும்பி வரச் சொன்னார். இல்லாவிட்டால் ஆறு கிழமையில் காது கிளினிக்.

மாமி டொக்டரிடம் நேராகவே கேட்டார், "எண்ணெய் விட்டால் என்ன ஐயா?" என்று. அவர் கோபிக்கவில்லை. லைட் உள்ள கருவியை மாமியின் கையில் கொடுத்துப் பேரனின் காதைப் பார்க்கச் சொன்னார். மாமி நன்றாக நேரம் எடுத்துப் பார்த்தார். வரும் வழியில் ஒன்றும் கதைக்கவில்லை.

தூள் போத்தல் தந்திருக்கிறார்கள், அதை எப்படிக் கலப்பது? அவனைக் கிணற்றடியில் குளிக்க வார்க்கலாமா?

பாமசிப் பொடியன்
பிற்பகல் 2:48

முதலில் போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்துக்கொள்ளுங்கள். கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள், நுரை அடங்கட்டும், பிறகு கோடு வரை ஊற்றித் திரும்பக் குலுக்குங்கள். நுரையோடு கோட்டைப் பார்த்தால் அளவு பிழைக்கும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும், முதல் நாட்களில் தண்ணீரும் கடைசி நாளில் விஷக் கசப்பும் குடிப்பான். கலந்த போத்தல் பெரும்பாலும் ஒரு கிழமைதான் நிற்கும், லேபிளில் பாருங்கள். பத்து நாள் என்றால் இரண்டாவது போத்தல் தந்திருப்பார்கள், அதை இப்போதே கலக்க வேண்டாம்.

வயிறு கொஞ்சம் இளகலாம், அதற்காக நிறுத்த வேண்டாம். உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தாலோ முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வார்க்கும்போது பஞ்சில் வஸ்லின் பூசிக் காது வாசலில் மட்டும் வைத்து, கழுத்துக்குக் கீழே வாருங்கள். தலையை ஈரத் துணியால் துடைத்தால் போதும். வார்த்து முடிந்ததும் பஞ்சை எடுத்துவிட வேண்டும்.

கல்லடி அப்பா
மாலை 6:15

எனக்கும் ஒரு சந்தேகம். மகள் இந்த வருடம் நாலாவது தடவை காதுக்குத்தென்று அழுகிறாள், மூன்று வயது. வாவியில் குளிப்பதால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் கடற்கரைக்கும் கூட்டிப் போவதில்லை. ஆனாலும் வருகிறது. என் மகனுக்கு வந்தது வேறு மாதிரி, காதைத் தொட்டாலே துள்ளுவான், அரிப்பும் இருந்தது, அதற்குச் சொட்டு மட்டும் தந்தார்கள், ஒரு கிழமையில் சரி. இரண்டும் ஒன்றா?

பழைய மிஸ்ஸி
இரவு 8:30

இரண்டும் வேறு தம்பி. மகனுக்கு வந்தது வெளிக்காதுத் தொற்று. தண்ணீர் ஊறி, குடைந்து தோல் கீறி வருவது. காது வாசலில் இருக்கும் சின்ன மேட்டை அமர்த்தினாலோ மடலை இழுத்தாலோ நோகும். அதற்கு வாவிக் குளிப்பையும் பட்ஸையும் குறை சொல்லலாம்.

மகளுக்கு வருவது உள்ளேயிருந்து வருகிறது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது, காதுக்குள் காற்று போவதும் நீர் வடிவதும் அதால்தான். பெரியவர்களுக்கு அது நீளம், சாய்வாகக் கீழே இறங்கும். சின்னப் பிள்ளைக்குக் கட்டை, கிட்டத்தட்டக் கிடையாக இருக்கும். தடிமன் வந்தால் வீங்கி அடைபடும், மூக்குச் சளியில் உள்ள கிருமி ஏறி உள்ளே தேங்கும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை கூடுதலாக வருவது அதனால்தான், வளர வளரக் குறைவதும் அதனால்தான். வெளியே குளித்த தண்ணீர், ஓட்டை இல்லாத பறையைத் தாண்டி நடுக்காதுக்குப் போக வழியில்லை. ஆகவே அவள் கடலைப் பார்க்கட்டும், நோ இல்லாத நாளில் குளிக்கட்டும்.

தடிமனை முழுதாகத் தடுக்க முடியாது, ஆனால் காதுக்கு ஏறுவதைக் குறைக்கலாம். உங்களிடம் நேராகக் கேட்கிறேன், வீட்டுக்குள் யாராவது சிகரெட் பிடிக்கிறீர்களா? வெளி விறாந்தையில் பிடித்துவிட்டு வந்தாலும் சாரத்திலும் மூச்சிலும் புகை இருக்கும். விறகடுப்புப் புகை, மூடிய அறைக்குள் இரவு முழுக்க எரியும் நுளம்புச் சுருள், குப்பை கொளுத்தும் புகை, எல்லாம் அந்தக் குழாயின் உள்தோலைக் கெடுக்கிறது. நுளம்புவலை கட்டினால் டெங்குவுக்கும் இதுக்கும் சேர்த்து நல்லது, டெங்கு நுளம்பு பகலில் கடிப்பதால் பகல் நித்திரைக்கும் கட்டுங்கள். சூப்புப் போத்தலைப் படுத்தபடி வாயில் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன், பால் தொண்டையில் தேங்கிக் குழாய்க்குள் போகும். ஒரு வயது தாண்டினால் போத்தலை நிறுத்திக் கோப்பை பழக்குங்கள். வெறுமனே வாயில் வைக்கும் ரப்பர்ச் சூப்பியையும் ஆறு மாதத்துக்குப் பிறகு குறையுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் காதுக்கும் அது காவல்.

தடுப்பூசி தவற விடாதீர்கள். 2008 முதல் இரண்டு, நாலு, ஆறு மாதத்தில் போடும் ஐந்து நோய் ஊசியில் ஹிப் (ஹீமோபிலஸ் இன்புளுவென்சா பி வகை) கிருமிக்கான தடுப்பும் இருக்கிறது. அது மூளைக்காய்ச்சலுக்குப் பெரிய காவல், காதுக்கு வரும் இன்புளுவென்சா கிருமி கூடுதலாக வேறு வகை, ஆகவே அது போட்டால் காதுத் தொற்றே வராது என்று நினைக்கக் கூடாது. நிமோகொக்கல் தடுப்பூசி காதுத் தொற்றை ஓரளவு குறைக்கும், அதைப் பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

ஆறு மாதத்தில் மூன்று தடவை, அல்லது வருடத்தில் நாலு தடவை வந்தால் ஈ.என்.ரி கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். உங்கள் மகள் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டாள்.

கல்லடி அப்பா
இரவு 9:02

சிகரெட் நான்தான். கடிதமும் கேட்கிறேன், சிகரெட்டையும் விடுகிறேன்.

ஆரையம்பதி டீச்சர்
மறுநாள், இரவு 7:40

இன்னொரு பக்கத்தையும் எழுத வேண்டும். இரண்டாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன். சொல்வதெழுதுதலில் பாதி வார்த்தை பிழையாக இருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், திரும்பினாலும் "ஆ?" என்பான். பின் வாங்கில் இருந்தான். கவனமில்லாத பிள்ளை என்று நான் ஏசியிருக்கிறேன், ஒரு நாள் வகுப்புக்கு வெளியே நிற்கவும் வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கேட்கவில்லை.

தாயிடம் கதைத்தபோதுதான் தெரிந்தது, வீட்டில் டீவியைச் சத்தமாக வைக்கிறான், முன்பு இரண்டு முறை காதுக்குத்து வந்து மாறியது. சோதித்தபோது இரண்டு காதிலும் பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர். நோ இல்லை, காய்ச்சல் இல்லை, யாருக்கும் தெரியவில்லை. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு பாடம் கேட்ட மாதிரித்தான் அவன் என் வகுப்பில் இருந்திருக்கிறான்.

அன்டிபயோட்டிக்கோ தடிமன் குளிசையோ இதற்கு உதவாது என்று டொக்டர் சொன்னாராம். காதுக்குத்து மாறிய பிறகு நிற்கும் நீர், பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாக வற்றுமாம். இவனுக்கு வற்றவில்லை, மூன்று மாதம் தாண்டியும் கேட்பது குறைவாக இருந்ததால் பறையில் சின்னக் குழாய் வைத்தார்கள். அதுவரை முன் வாங்கில் வைத்து, முகத்தைப் பார்த்து, கரும்பலகைக்குத் திரும்பிக்கொண்டு பேசாமல் பாடம் நடத்தினேன். அந்த மாற்றத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. மண்டூர் தங்கச்சி, ஆறு கிழமைக் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள், பிள்ளை பேச்சுப் பழகுகிற வயதில் இருக்கிறான்.

வாழைச்சேனை வலைக்காரன்
மறுநாள், இரவு 9:10

பிள்ளைகளுக்கு மட்டும்தான் வருமா? எனக்கு 52 வயது. மூன்று மாதமாக வலது காது அடைத்தபடி இருக்கிறது, நோ இல்லை, என் குரல் எனக்கே உள்ளே கேட்கிறது. தடிமன் எப்போதோ மாறிவிட்டது.

பழைய மிஸ்ஸி
மறுநாள், இரவு 9:25

அண்ணன், பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் காரணமில்லாமல் இத்தனை நாள் அடைத்திருந்தால் மூக்கின் பின்பக்கத்தைக் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். குழாயின் வாயை அங்கே ஏதாவது வளர்ந்து மறைக்கிறதா என்று பார்ப்பதற்காக. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் இருந்தால் முந்திக் காண்பது நல்லது. கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து இந்தக் கிழமையே போங்கள். காட்டும் வரை முழுக வேண்டாம், பெரொக்சைட் விட வேண்டாம்.

மண்டூர்க்காரி
ஆறு கிழமைக்குப் பிறகு

இன்றைக்குக் கிளினிக். வலது பறை மூடிவிட்டது, தழும்பு மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிகிறதாம். இடது காதில் இன்னும் நீர் நிற்கிறது. தொற்று மாறி ஒரு மாதத்துக்குப் பிறகும் பத்தில் நாலு பேருக்கு அப்படி நிற்குமாம், அதற்கு மருந்து தரவில்லை, இன்னும் ஆறு கிழமையில் வரச் சொல்லித் திகதி போட்டுத் தந்தார்கள். வார்த்தைகள் எத்தனை பேசுகிறான் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். மாமி கொப்பி ஒன்று வாங்கி எழுதத் தொடங்கியிருக்கிறார், இன்றைக்கு வரை இருபத்துமூன்று. அதில் "பாதை" என்பதும் ஒன்று.

அக்கரைப்பற்று உம்மா
அதே நாள், மாலை

அல்ஹம்துலில்லாஹ், மகன் சுகமாகட்டும். நானும் போன கிழமை போனேன். குழாய் வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்தார்கள், பழைய இடத்தில் திரும்ப வளர்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் 14ஆம் திகதி. மூத்த மகன் கூட வருகிறேன் என்றான், எனக்கு இடது பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காது, நம்பரைக் கூப்பிடும்போது அவன் கேட்டுச் சொல்வான்.